சர்பஞ்ச் வீட்டு மூன்றாவது பிள்ளை

நாகேந்திரன் பகல் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருகிறான் என்றால் ஏதோ வில்லங்கம் என்று தாட்சாயணிக்குத் தெரியும். சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர் ஆன இந்த ஐந்து வருடத்தில் அந்த மனுஷன் பகலில் வீடு தங்கியதே இரண்டு தடவைதான். ஒரு தடவை விஷக்காய்ச்சல். இன்னொரு தடவை எதிர்க்கட்சிக்காரர் வீட்டில் சாவு விழுந்தது. மாலை போடப் போகலாமா கூடாதா என்று மேலிடத்திலிருந்து போன் வரும்வரைக்கும் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இன்றைக்கு அவன் கையில் ஸ்வீட் பெட்டி இருந்தது, பின்னால் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் என்றால் எட்டு டீ. அவள் ஒன்றும் கேட்காமல் பாலை அடுப்பில் வைத்தாள்.

விஷயம் கூடத்திலிருந்தே அவள் காதில் விழுந்தது. ரிசர்வேஷன் லிஸ்ட் வந்துவிட்டதாம். சித்தூருக்குத் தெற்கே வேலூர் ரோட்டை ஒட்டிய அவர்கள் பஞ்சாயத்தை இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்களாம். நாகேந்திரன் நிற்க முடியாது. அதனால் என்ன, அண்ணி இருக்கிறாரே என்றார் ஒருவர். பேர் அண்ணியுடையது, வேலை அண்ணனுடையது என்று இன்னொருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். டீத்தட்டோடு அவள் போனபோது எட்டுப் பேரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஐந்து வருடமாக அவள் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள், ஒரு நாளாவது நன்றாக இருந்தது என்று சொல்லாதவர்கள். நீ நிற்கிறாயா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ. அரசியல் பேச்சு எடுத்தாலே அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். நகரி பக்கம் நெல்லும் கரும்பும் போட்டுக்கொண்டு தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்த குடும்பத்தில் பிறந்தவள். கட்டிக்கொண்டபோது நாகேந்திரன் மாங்காய் வியாபாரி. தோட்டங்களைக் குத்தகைக்குப் பிடித்து, சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு லாரி லாரியாக அனுப்பிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் மாங்காய்ப் பால் கறையோடு வருவான். வந்ததும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சாப்பிடுவான். தோளில் கட்சித் துண்டு ஏறியதும் வீட்டுக்குள் பேசும் பேச்சே மாறிப்போனது. பார்க்கலாம், செய்துடலாம், என் கவனத்தில் இருக்கிறது என்று பென்ஷன் கேட்டு வரும் கிழவிகளிடம் சொல்வதையே பெண்டாட்டியிடமும் சொன்னான்.

ஊரில் எந்தச் சாவுக்கும் முதல் மாலை அவனுடையது. தாட்சாயணியைப் பெற்ற நைனா செத்தபோது மட்டும் பிணம் எடுத்து ஐந்தாம் நாள்தான் வந்தான். வந்ததும் தனியாக இல்லை, கூட மூன்று பேர். கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனான். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாள் என்று பெண்ணை ஏசத்தான் பழமொழி இருக்கிறது. அரசனை நம்பிப் பெண்டாட்டியைக் கைவிட்டவனுக்கு ஒரு பழமொழியும் கிடையாது. ஆண்பிள்ளைகள் கூடிப் பண்ணின பழமொழி போலிருக்கிறது.

இதெல்லாம் பொறுத்துப் போகிற சங்கதிகள்தான். பொறுக்க முடியாத சங்கதி ஒன்று திருப்பதியில் இருந்தது. அதற்கு வயது ஐந்து.

ஆந்திராவில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக் கூடாது. யஸ்வந்த், சுஷ்மிதா என்று இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். கொரோனா வந்து ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்ட வருஷத்தில் மூன்றாவது தங்கிவிட்டது. தேர்தல் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்றிருந்த நேரம். கலைத்துவிடலாம் என்றான் நாகேந்திரன். மாட்டேன் என்றாள். அவன் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. வரப்புத் தகராறு வந்தால் இரண்டு பக்கமும் தலையாட்டுகிற மாதிரி ஒரு வழி சொல்வானே, அப்படி வயிற்றுப் பிள்ளைக்கும் ஒரு வழி சொன்னான்.

தாட்சாயணியின் தங்கை ஷோபாவைத் திருப்பதியில் கொடுத்திருந்தது. அவள் புருஷன் மோகன்ராஜ் திருமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. வயிறு தெரிய ஆரம்பித்ததும் நாகேந்திரன் தாட்சாயணியை அங்கே அனுப்பி வைத்தான். தங்கைக்கு உடம்பு சரியில்லை, துணைக்குப் போயிருக்கிறாள் என்று ஊருக்குச் சொன்னான். கொரோனாவுக்குப் பயந்து யாரும் யாரையும் பார்க்கப் போகாத காலம், யாரும் வரவில்லை. சந்துக்குள் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஷோபாவின் ஆதார் கார்டைக் காட்டி அவளைச் சேர்த்தார்கள். வலியெடுத்துக் கத்தினவள் தாட்சாயணி. பர்த் சர்டிபிகேட்டில் அம்மா பெயர் ஷோபா, அப்பா பெயர் மோகன்ராஜ். பெண் குழந்தை. பத்மாவதி என்று பெயர் வைத்தார்கள்.

பால் வற்றவேண்டும் என்று மாரில் மல்லிகைப்பூவை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். பிறந்த குழந்தை தவறிப்போன தாய்மாருக்குத்தான் அப்படிக் கட்டுவது வழக்கம். அவளுடைய குழந்தையோ அடுத்த அறையில் புட்டிப்பால் பிடிக்காமல் வீறிட்டுக்கொண்டிருந்தது. பூ வாடியது, பால் வற்றவில்லை. மறுபடி புதுப்பூ வைத்துக் கட்டினார்கள். அந்த வாசனை இன்றைக்கும் அவளுக்கு ஆகாது. தலையில் பூ வைத்துக்கொள்ளாமல் விழாவுக்கு வருகிறாளே என்று நாகேந்திரன் மட்டும் மறக்காமல் குறைப்பட்டுக்கொள்வான்.

அதோடு விட்டதா? வேட்புமனு பரிசீலனை அன்றைக்கு எதிர் வேட்பாளர் எப்படியோ மோப்பம் பிடித்து, நாகேந்திரனுக்கு மூன்று பிள்ளைகள் என்று ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டார். தேர்தல் அதிகாரி தாட்சாயணியை வரச் சொன்னார். பிள்ளை பெற்ற இருபத்திரண்டாம் நாள், பச்சை உடம்பு. கறுப்பு ரவிக்கை போட்டுக்கொள், நனைந்தால் தெரியாது என்று நாகேந்திரன்தான் சொன்னான். அந்த மாதிரி யோசனையெல்லாம் அவனுக்கு உடனே வரும். எனக்கு இரண்டு பிள்ளைகள்தான் என்று அவள் அதிகாரி முன்னால் சத்தியம் பண்ணினாள். தெலுங்கில் ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நூற்று முப்பது ஓட்டில் நாகேந்திரன் ஜெயித்தான், அன்று சாயங்காலம் ஊரில் ஒரு மணி நேரம் பட்டாசு வெடித்தார்கள்.

பிறகு ஒரு நாள் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஜனங்கள் இப்போது பிள்ளை பெறுவது போதவில்லையாம். நாலு வருஷம் அவள் எதற்குப் பயந்து திருட்டுத்தனமாகத் திருப்பதிக்கு ரயில் ஏறினாளோ, அந்தச் சட்டம் அசெம்பிளியில் கை தூக்கின ஒரு பகலில் போய்விட்டது. மேடைக்கு மேடை பெரிய தலைவர்களே இன்னும் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பேசினார்கள். டி.வி. முன்னால் உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பில் சுஷ்மிதா பயந்துபோய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றே கேட்டாள், என் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று. பார்க்கலாம் என்றான். அப்படிப் பார்த்ததில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அதனால்தான், அந்த எட்டுப் பேரும் போன பிறகு அவன் சமையலறை வாசலுக்கு வந்து சொன்னதை அவளால் நம்ப முடியவில்லை.

"பத்மாவைக் கூட்டிக்கினு வந்துடலாம் தாச்சு. இனிமே நம்மகூட இருக்கட்டும்."

அவன் மேலும் என்னென்னவோ சொன்னான். சட்டமே போன பிறகு பழைய கதையை யார் தோண்டப்போகிறார்கள், மூன்று பிள்ளை பெற்ற தாய் என்றால் இப்போது கட்சியில் மதிப்பு, மேலிடத்திலேயே சந்தோஷப்படுவார்கள், பிளெக்ஸில் குடும்பத்தோடு ஒரு போட்டோ போட்டால் பெண்கள் ஓட்டு சிந்தாமல் விழும் என்றான். அவள் காதில் முதல் வாக்கியத்துக்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. ஒரேடியாகவா என்று மட்டும் கேட்டாள். நம்ம பிள்ளைதானே என்றான் அவன். கேட்டதற்கு அது பதிலே இல்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

"அவ வந்தா நான் மனுவுல கையெழுத்து போடறேன் மாமா," என்றாள்.

இத்தனை வருஷம் அரசியலைக் கண்டால் காத தூரம் ஓடினவள், வாயைத் திறந்ததும் முதல் பேரமே பேசிவிட்டாள். அரசியல்வாதியோடு குடித்தனம் பண்ணினவள்தானே. அதில் வெட்கப்பட அவளுக்கு நேரமில்லை. சுஷ்மிதாவின் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினால் இன்னொரு கட்டில் போடலாம் என்று அளந்து பார்த்தாள். பத்மாவுக்கு ஒரு பாவாடை சட்டை வாங்க சித்தூர் கடைத்தெருவுக்குப் போய், அளவு தெரியாமல் கடையில் விழித்தாள். கடைக்காரப் பெண் குழந்தை எவ்வளவு உயரம் என்று கேட்டதற்குக் கையைத் தன் இடுப்பில் வைத்துக் காட்டினாள்.

மறுநாள் காலையில் சித்தூரில் ரயில் ஏறினாள். நாகேந்திரன் கட்சி ஆபீஸ் வேலையை முடித்துக்கொண்டு, பிள்ளைகள் இரண்டு பேரையும் போட்டோகிராபரையும் காரில் கூட்டிக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. பாகாலா ஜங்ஷனில் வண்டி நின்ற நேரம் முழுக்க, ஷோபாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். உனக்கு நான் கொடுத்ததை நானே எடுத்துக்கொண்டு போகிறேன் என்று கூடப்பிறந்தவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஐந்து வருஷம் பீ மூத்திரம் அள்ளினவள். ஒரு வார்த்தையும் சரியாக வரவில்லை. ஆனால் திரும்பிப் போய்விடலாம் என்று மட்டும் ஒரு நிமிஷமும் தோன்றவில்லை. பெற்ற மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்துக்கு அடுத்தவர் பிள்ளைப்பாசம் கண்ணில் படாது.

ஷோபாவின் வீடு அலிபிரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மோகன்ராஜ் சவாரிக்கு மலைமேலே போயிருந்தான். சங்கராந்தி லீவு, பத்மா வீட்டில்தான் இருந்தாள். தாட்சாயணியைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எப்போதும் அப்படித்தான். பெரியம்மா கட்டிப்பிடித்தால் மூச்சு முட்டுகிறது என்று ஒரு தடவை அவளே சொல்லியிருக்கிறாள். மாதம் ஒரு நாள் வந்து ஒரு மாதத்துக்கும் சேர்த்துக் கட்டிப்பிடித்தால் முட்டாமல் என்ன செய்யும்?

தாட்சாயணி செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவள் ஆரம்பிப்பதற்குள் ஷோபாவே முந்திக்கொண்டாள். மாமா நேற்றைக்கே போன் பண்ணி எல்லாம் சொல்லிவிட்டாராம். துணிமணி எடுத்து வைத்தாகிவிட்டது. கண் வீங்கியிருந்தாலும் குரல் பிசகாமல், வேலைக்காரிக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"தயிர் சோறுதான் துன்னுவா. காரம் ஆவாது. சாயங்காலமானா காலு குடையுதும்பா, தேய்ச்சு உட்டா தூங்கிடுவா. அந்தப் பச்ச துப்பட்டா இல்லாம தூங்க மாட்டா, அதயும் வெச்சிருக்கறேன்."

தாட்சாயணிக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் எண்ணவில்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றாள்.

"இன்னா பண்றதுக்கா. ரெண்டு மாசந்தானே, பல்லக் கடிச்சிக்கினு இருந்துடுவேன்."

"இன்னா ரெண்டு மாசம்?"

ஷோபா நிமிர்ந்து பார்த்தாள். தேர்தல் முடிந்த மறுநாளே கொண்டுவந்து விட்டுவிடுவதாக மாமா ஏழுமலையான் மேல் சத்தியம் பண்ணியிருக்கிறார் என்றாள். ஓட்டுக் கேட்டுப் போகிற வரைக்கும் குழந்தை கூட இருந்தால் போதும், அதற்குப் பிறகு என்றைக்கும் கேட்க மாட்டேன் என்று சொன்னாராம். சொல்லிக்கொண்டே வந்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள். மெதுவாக அவளுக்கும் புரிந்தது.

"நீ ஒரேடியா கூட்டிக்கினு போவவா வந்தே?"

இல்லை என்று சொல்ல தாட்சாயணிக்கு வாய் வரவில்லை. பையில் புதுப் பாவாடை இருந்தது, வீட்டில் கட்டில் போட இடம் பார்த்தாகிவிட்டது. ஷோபா அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து வந்த பத்மா, யாரும் ஒன்றும் சொல்லாமலே, அவள் மடியில் ஏறி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் ஒரே பிள்ளையை வாக்குக் கொடுத்திருக்கிறான் என் புருஷன் என்று தாட்சாயணி நினைத்தாள். ஒரே வீட்டு மனைப் பட்டாவை இரண்டு ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொல்லி இரண்டு வீட்டு ஓட்டும் வாங்குவான். அதைத்தான் இங்கேயும் செய்திருக்கிறான்.

கார் வந்தது. வெள்ளைச் சட்டையில் நாகேந்திரன், பின்னால் புதுத்துணி போட்ட யஸ்வந்தும் சுஷ்மிதாவும், பெரிய கேமரா பையோடு போட்டோகிராபர் வேங்கடாசலம். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, வாசல் சுவரை ஒட்டியே எடுத்துவிடலாம் என்று அவர் நாற்காலி போடச் சொல்லிக்கொண்டிருந்தார். தாட்சாயணி புருஷனை உள்ளே கூப்பிட்டாள். எங்கள் இரண்டு பேரில் யாருக்குச் சொன்னது நிஜம் என்று கேட்டாள்.

நாகேந்திரன் துளிகூடத் தடுமாறவில்லை. திருடன் மாட்டிக்கொண்டால் திருதிருவென்று விழிப்பான் என்பார்கள். இவன் விழிக்கவில்லை. தான் செய்தது தப்பு என்றே அவனுக்குத் தெரியவில்லை, அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"ரெண்டு பேருக்கும் நல்லதுதானே சொன்னேன்," என்றான். "உனக்கு இது வேணும், அவளுக்கு அது வேணும். எலெக்சனுக்கு அப்பறம் ஒக்காந்து பேசிக்கினா முடிஞ்சிது."

பேசிக்கொள்ள முடியாது, இப்போதே சொல் என்று அவள் நின்றாள். அவன் வாசலைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், தரையில் உட்கார்ந்திருந்த ஷோபாவைப் பார்த்தான். எந்தப் பக்கம் ஓட்டு அதிகம் என்று கணக்குப் போடுகிற முகம் அவளுக்குத் தெரியும். அவனுக்கு வேண்டியது கையெழுத்து. கையெழுத்துப் போடப்போகிறவள் தாட்சாயணி.

"சரி, பெத்தவ நீ. ஒரேடியாவே கூட்டிக்கினு போ. ஷோபா ஒண்ணும் சொல்ல மாட்டா. சந்தோஷமா? வா, போட்டோவுக்கு ஒக்காரு."

ஐந்து வருஷமாக எந்த வார்த்தைக்காக அவள் தவம் கிடந்தாளோ அது இதுதான். ஷோபா நிஜமாகவே ஒன்றும் சொல்லவில்லை. மடியிலிருந்த குழந்தையை இறக்கி, முகத்தைத் துடைத்து, போ, பெரியம்மாவோடு போட்டோ எடுத்துக்கொள் என்று அனுப்பினாள். அப்போதாவது தாட்சாயணி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறைப்பானேன், அவள் நெஞ்சு துள்ளியது. போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் நாகேந்திரன், பின்னால் பெரியவர்கள் இரண்டு பேர். வேங்கடாசலம் பத்மாவைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

குழந்தை மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. சிரிம்மா, சிரி கண்ணு என்று வேங்கடாசலம் நாக்கை நீட்டிக் காட்டினார், விரலைச் சொடுக்கினார். யஸ்வந்த் கிச்சுகிச்சு மூட்டினான். நாகேந்திரன் கன்னத்தைத் தட்டி, நைனா சொல்றேன் சிரி என்றான். யார் நைனா என்று தெரியாமல் அது திரும்பி வீட்டுக்குள்ளே பார்த்தது. உதடு பிதுங்க ஆரம்பித்தது. பிளெக்ஸுக்கு அழுகிற பிள்ளை ஆகாது என்று வேங்கடாசலம் கேமராவை இறக்கினார்.

அப்போது ஷோபா வெளியே வந்தாள். முந்தானையால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு, போட்டோகிராபருக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் கொம்பு மாதிரி வைத்து, கன்னத்தை உப்பி, மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். சற்று முன்னால்தான் பிள்ளை போய்விட்டது என்று கேட்டவள். போட்டோ நன்றாக வரட்டும் என்று மாடு மாதிரி கத்துகிறாள். பத்மா கலகலவென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் குழந்தையின் முதுகு தளர்ந்து தாட்சாயணியின் மார்மேல் சாய்ந்தது, வயிறு குலுங்குவது அவள் கைகளில் தெரிந்தது. வேங்கடாசலம் மடமடவென்று நாலைந்து எடுத்தார்.

தன் மடியில் உட்கார்ந்துகொண்டு தன் பிள்ளை அதன் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறது என்று தாட்சாயணிக்குத் தெரிந்தது. இவளைக் கூட்டிக்கொண்டு போனால் சிரிக்க வைக்க அங்கே யார் இருக்கிறார்கள்? நாலு மாதம் வயிற்றில் இருந்தபோதே பேரம் பேசினவன் இருக்கிறான். அவன் அடுத்த தேர்தலுக்கு இன்னொரு பேரம் பேசுவான். நேற்று நானும்தான் பேசினேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. குழந்தையை மெதுவாக இறக்கி விட்டு எழுந்தாள். அது ஓடிப்போய் ஷோபாவின் புடவையைப் பிடித்துக்கொண்டது.

"இந்த போட்டோவெல்லாம் அழிச்சிடுங்க," என்றாள் வேங்கடாசலத்திடம். "எனக்கு ரெண்டு புள்ளைங்கதான்."

நாகேந்திரன் முதலில் சிரித்தான், வெளியாட்கள் இருக்கிறபோது சிரிக்கிற சிரிப்பு. பிறகு கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஊருக்கே தெரியப்போகிற விஷயத்தில் எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டான். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. யஸ்வந்தும் சுஷ்மிதாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

"நீ சொல்லிக் குடுத்ததுதான் மாமா. ஆபீசருகிட்ட தமிழ்ல ஒருவாட்டி சொன்னேன், தெலுங்குல ஒருவாட்டி சொன்னேன். மாத்திப் பேச மாட்டேன். பிளெக்ஸ்ல இந்தக் கொழந்த மூஞ்சி வந்துதுன்னு வெச்சுக்க, என்னைப் பொய் சத்தியம் பண்ண வெச்சுத்தான் நீ ஜெயிச்சேன்னு நானே போயி எழுதிக் குடுப்பேன். கையெழுத்தும் கெடையாது."

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் அவளை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. கோபமாகக்கூட இல்லை, குழம்பிப் போயிருந்தான். பிள்ளை வேண்டும் என்று ஐந்து வருஷம் அழுதவள், கொடுத்தால் வேண்டாம் என்கிறாளே. பெண்டாட்டி கேட்டதைக் கொடுத்தும் கெட்ட பேரா என்கிற நியாயமான வருத்தம் அவன் முகத்தில் இருந்தது. பிறகு போனை எடுத்துக்கொண்டு சந்துமுனைக்கு நடந்தான். பேசுவது அவள் நிற்கும் இடத்துக்கே கேட்டது. தன் அண்ணன் பெண்டாட்டி கமலம்மா நிற்கட்டும் என்றான். ஆதார் கார்டு ஜெராக்ஸ் ரெடி பண்ணச் சொன்னான். தன்னுடைய ஒரு கையெழுத்தை வைத்துப் பிள்ளையையே மீட்டுவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அதற்கு மாற்று கிடைக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

யஸ்வந்த் தலையைக் குனிந்துகொண்டு காரில் போய் ஏறினான். சுஷ்மிதா போகிறபோது அம்மாவின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். வேங்கடாசலம் போட்டோக்களை அழித்ததை அவளிடம் காட்டிவிட்டு, தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் அம்மா என்று பையை மாட்டிக்கொண்டார்.

தாட்சாயணி உள்ளே வந்து உட்கார்ந்தாள். கொடுத்தது அன்றைக்கு இல்லை, இன்றைக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அடுத்தவர் வாங்கிக்கொண்டார்கள். என்றைக்காவது திரும்பி வரும் என்று ஒரு எண்ணம் உயிரோடு இருந்தது. இன்றைக்கு அவளே தன் கையால் இறக்கி விட்டுவிட்டாள். வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது, ஆனால் சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு ஷோபா முந்திக்கொண்டாள். ஒரு வீட்டில் இரண்டு பேர் அழுதால் குழந்தை பயப்படும் என்று இவள் அடக்கிக்கொண்டாள்.

பத்மா சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு உள் அறைக்குப் போய்ச் சீப்பும் சிவப்பு ரிப்பனும் எடுத்துக்கொண்டு வந்து தாட்சாயணியின் எதிரில் நின்றாள்.

"அம்மா அழுவுது. ஜடை அவுந்துபோச்சு," என்றாள். "நீ போடறியா பெரிம்மா?"

தானாக அவளிடம் வந்தது இதுதான் முதல் தடவை. தாட்சாயணி அவளைத் திருப்பி, கால்களுக்கு நடுவில் உட்கார வைத்துக்கொண்டாள். கட்டிப்பிடிக்கவில்லை. முடியை மூன்றாகப் பிரித்தாள். ஒரு பிரி நழுவியது, மறுபடி பிரித்தாள். வெளியே கார் ஹாரன் அடித்தது. நின்று, மறுபடி நீளமாக அடித்தது. யாரென்று பார்க்கக் குழந்தை வாசல் பக்கம் தலையைத் திருப்பியது.

"ஆடாம ஒக்காரு," என்றாள் தாட்சாயணி. "ஜடை கோணிக்கினு போவுது பாரு."